விருந்தாளிகளுக்குப் பதினான்காம் விதி

அத்தியாயம் ஒன்பது

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மூன்று ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், ஒன்று யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை யாரோ ஓடிப்போயிருக்க வேண்டும்.

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். அப்பா மலேசியாவில், செம்பனைத் தோட்டத்தில். நேற்றுதான் போனில் பேசினார். அம்மா என் பக்கத்தில் நிற்கிறாள். தம்பி மஹ்சூனின் செருப்பு வாசலில் இல்லை. அது எப்போதுதான் இருந்தது? ஓடிப்போகிற வயதில் வீட்டில் இருக்கும் ஒரே பெண் நான். நான் இங்கேதான் இருக்கிறேன், கையில் பையோடு.

இரண்டு நாள் மாகாணத் தலைநகர் மத்தாராமில் விடுதிக்காரர்களுக்கான பயிற்சி. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இனாக் செனியா," என்றார் கெலியாங் அமாக் ராஹில். ஊர்த்தலைவர். சாதாரணமாக எங்கள் கொல்லையில் நின்று பப்பாளி கேட்கிற மனிதர். இன்று குரலை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். "உங்க வீட்டு உயிர் ஒண்ணு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. தேட வேண்டாம்."

இருபத்தேழு வருடமாக என் பெயரைச் சுமப்பவள் அம்மா. இனாக் செனியா, செனியாவைப் பெற்றவள்; அமாக் என்றால் பெற்றவர். அவளுடைய சொந்தப் பெயர் குடும்ப அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"செவப்புக் கோழியா? நேத்து சாயங்காலத்திலேர்ந்து காணோம். யார் வயல்ல மேஞ்சுது?"

கெலியாங்குக்குப் பின்னால் நின்றவர் இருமினார்.

"கோழி இல்ல, இனாக்."

"ஆடா? எங்ககிட்ட ஆடே இல்லயே."

எனக்கு உறைத்தது. பெண்ணைக் கொண்டுபோய்விட்டோம் என்று பையன் தரப்பு வந்து பெண் வீட்டில் சொல்லும் பேச்சு இது. எங்கள் சசாக் வழக்கத்தில் பெண் கேட்டு வருவது பெண்ணுக்கு இழுக்கு. கொண்டுபோக வேண்டும். மஃரிப் என்ற மாலைத் தொழுகை முடிந்த பிறகு, அவள் சம்மதத்தோடு, சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைக்க வேண்டும். பேச்சு முடியும்வரை அவள் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"உங்க வீட்ல தங்கியிருந்த பொண்ணு. இல்சா."

"இல்சேவா? யாரு கொண்டுபோனது?"

"உன் தம்பிதான், செனியா."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"இருங்க. பையன் தரப்புலேர்ந்து பொண்ணு வீட்டுக்கு வந்து சொல்றீங்க."

"ஆமா. அதான் முறை."

"பொண்ணு வீடு எது?"

"அவ தங்கியிருந்தது இங்க. அப்ப இதுதான்."

"பையன் வீடு?"

அமாக் ராஹில் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் இதுதான்."

"அப்ப நீங்க எங்கேர்ந்து வந்தீங்க?"

"பின்வாசல்ல நின்னுட்டு, சுத்தி வந்து முன்வாசல்ல நிக்கிறோம்," என்றார். சிரிக்கவில்லை. "முறைன்னா முறை."

அம்மா என்னைப் பார்த்தாள், பின்வாசலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நான் இப்ப அழணுமா, காபி போடணுமா?" என்று கேட்டாள்.

---

எங்கள் விடுதியின் மூன்று அறைகளிலும் ஒரு பலகை தொங்குகிறது. பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய வருடம் நான் எழுதியது. எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டம். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பலகைதான் பதில். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இருபத்தொரு விதிகள். நீச்சல் உடை கடற்கரையோடு நிற்கட்டும், ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். இடது கையால் எதையும் நீட்டாதே. குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்காதே. நோன்பு மாதத்தில் தெருவில் நின்று வாழைப்பழம் உரிக்காதே. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்.

ஒன்பதாம் விதியைச் சிவப்பில் எழுதியிருந்தேன். காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எழுந்து ஆடாதே. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம்.

பதினான்காம் விதி: எங்கள் ஊரில் 'இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது அடிப்பது மாதிரி. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா, தொழுவாயா என்று கேட்பார்கள். எதற்கும் 'இல்லை' என்று சொல்லாதே. 'பெலும்' என்று சொல். இன்னும் இல்லை.

மாலை ஆனபின் கல்யாணமாகாத பையனோடு அவன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்காதே என்று எழுதவில்லை. அதை ஏன் எழுத வேண்டும்? எங்களில் யாருக்குத்தான் அது தெரியாது?

லாத்வியாவிலிருந்து வந்த இல்சேவுக்குத் தெரியாது.

அம்மாவை உட்கார வைத்து விஷயத்தைக் கறந்தேன். திங்கட்கிழமை இல்சேவுக்குக் காய்ச்சல். காற்று புகுந்துவிட்டது என்று சொல்லி அம்மா செவ்வாய்க்கிழமை அவள் முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தால் வரிவரியாகச் சுரண்டிவிட்டாள். நான் கத்தி, சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தேன். டெங்குதான், பிளேட்லெட் எண்ணிக்கை பரவாயில்லை, வியாழக்கிழமை மறுபடி வா என்றார்கள். நான் புதன்கிழமை மத்தாராம் கிளம்பினேன். இதுவரை எனக்கே தெரியும்.

"நேத்து மஹ்சூன் அருவிக்கு ஆள் கூட்டிட்டுப் போயிட்டு நாலு மணிக்குத்தான் வந்தான்," என்றாள் அம்மா. "அப்புறம் ரத்தம் பாக்க அவள வண்டியில ஏத்திட்டுப் போனான். அங்க பூட்டிட்டாங்களாம். திரும்பி வரும்போது மழை. ஆத்துப் பாலத்து மேல தண்ணி. அத்தை வீட்ல விட்டுட்டேன், நான் தொழுகைக் கூடத்துல படுத்துக்கறேன்னு போன் பண்ணான். நானும் சரின்னேன்."

"மஃரிபுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான்." அப்போதுதான் அம்மாவுக்கும் உறைத்தது. வாயில் கை வைத்தாள். "யா அல்லாஹ்! உங்க அத்தை வீடு!"

"அது கிடக்கட்டும். காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சு?"

"காய்ச்சலா? அது நேத்து மத்தியானமே விட்டுருச்சே. நான் சுரண்டினது வேலை செஞ்சுருச்சு."

நேற்று மத்தியானத்திலிருந்து எண்ணினேன். பத்தொன்பது மணி நேரம்.

என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் அமாக் ராஹில் வழிமறித்தார். "செனியா, நீ படிச்சவ. பொண்ணோட சொந்த ஊர்த் தலைவருக்கும் மூணு நாளுக்குள்ள ஆள் அனுப்பணும். இந்த லாத்வியா எந்தப் பக்கம்? படகு போகுமா?"

"நீந்திப் போங்க," என்றேன்.

---

பாலத்தில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் இருந்தது. அத்தை வீட்டு வாசலில் எட்டு ஜோடி செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம்.

நடுக்கூடத்துப் பாயில் இல்சே உட்கார்ந்திருந்தாள். அத்தையின் நல்ல பட்டுக் கைலி, முகத்தில் அழகுக்குப் பூசிவிட்ட அரிசி மாவு, முன்னால் தட்டு நிறைய சோறும் மிளகாய்க் கோழியும். சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"செனியா! காய்ச்சல் போயிடுச்சு!" என்றாள் ஆங்கிலத்தில். "எவ்வளவு நல்ல ஜனங்க! விடிஞ்சதிலேர்ந்து ஊட்டிக்கிட்டே இருக்காங்க. இன்னிக்கு ஏதாவது பண்டிகையா?"

"ஆமா. உனக்குத்தான்," என்றேன். கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி குளிர்ந்து கிடந்தது. "வயிறு வலிக்குதா?"

"கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது. மிளகாய்னு நினைச்சேன்."

"காலையில ரெண்டு தடவ வாந்தி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, பெருமையாக.

"ஒரு ராத்திரியிலயா! மஹ்சூன் கெட்டிக்காரன்தான்!" என்றது ஒரு மூலை. கூடம் குலுங்கியது. இல்சேவும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

"அத்தை, இவளுக்கு டெங்கு. இப்பவே ரத்தம் பாக்கணும். எழுப்புங்க."

அப்பாவின் அக்கா அவள். அறுபது வயது. இந்த வீட்டில் பதினோரு வருடமாக யாரும் உரக்கச் சிரித்ததில்லை. இன்று சிரிப்பு வந்திருக்கிறது. அதை வெளியே விட அவளுக்கு மனமில்லை.

"எங்க தூக்கிட்டுப் போற? பேச்சு முடியாம பொண்ணு படி தாண்டினா மஹ்சூனுக்குத்தான் அசிங்கம். காய்ச்சல்தான் விட்டுருச்சே. பாரு, எப்படி சாப்பிடறா."

"அவ பொண்ணும் இல்ல, மஹ்சூன் மாப்பிள்ளையும் இல்ல. மழைக்கு ஒதுங்கினாங்க."

"மழைக்கு ஒதுங்கறவங்க மஃரிபுக்கு முன்னாடி ஒதுங்க மாட்டாங்களா?"

"விடு இனாக் முனா," என்றாள் இல்சேவுக்கு மாவு பூசிவிட்டவள். "தம்பி அக்காவத் தாண்டிட்டான்ல, அதான் எரியுது. இருபத்தேழு ஆகுது. பட்டத்தையா கட்டிக்க முடியும்?"

"உன்ன கட்டிக்கிட்டவன விட பட்டம் தேவல," என்றேன். "அதுவாவது வீட்ல இருக்கு."

அதற்குள் அமாக் ராஹிலின் பிக்கப் வண்டி வந்து நின்றது. கெலியாங் இறங்கி, வாசல்படிக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்தார். கொல்லைப் பக்கத்திலிருந்து மஹ்சூனையும் யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். நேற்று மழையில் நனைந்து இன்னும் காயாத சட்டை, கலைந்த தலை. என் கண்ணைப் பார்க்கவில்லை.

"அமாக், இது தப்பு," என்று ஆரம்பித்தேன்.

"தப்பா சரியான்னு நீ சொல்லக் கூடாது, நான் சொல்லக் கூடாது. பொண்ணு வாயால சொல்லணும். எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லணும்." தொண்டையைச் செருமினார். எளிய இந்தோனேசியச் சொற்களாகப் பொறுக்கி, குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "இல்சா. உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

இல்சேவுக்கு இந்தக் கேள்வி தெரியும். முகம் பிரகாசித்தது. "பெலும்!"

பெண்கள் கை தட்டினார்கள்.

"உன் வீட்டுக்குத் திரும்பிப் போகணுமா?"

'வீடு', 'போக' என்ற இரண்டும் அவளுக்குத் தெரியும். லாத்வியாவைக் கேட்கிறார் என்று நினைத்திருப்பாள். விசா இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே.

"பெலும், பெலும்."

"மஹ்சூன் உனக்குப் பிடிக்கலையா?"

மஹ்சூன் என்ற பெயர் மட்டும் புரிந்தது. வாசலில் ஈரச் சட்டையோடு நின்றவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரியாத கேள்விக்கு எது மரியாதையான பதில் என்று நான்தானே அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

"பெலும்," என்றாள் மெதுவாக.

கூடமே கொண்டாடியது. 'பிடிக்காமல் போக இன்னும் நாள் இருக்கு' என்று ஒருத்தி விளக்கம் வேறு சொன்னாள். என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

"இல்சே," என்றேன் ஆங்கிலத்தில், "'திடாக்' என்று சொல். 'இல்லை' என்று சொல்."

"ஆனா நீதானே எழுதியிருக்க, முகத்துக்கு நேரா சொன்னா அடிக்கற மாதிரின்னு?"

"தப்பா எழுதிட்டேன்."

"என்ன சொல்லிக் கொடுக்கறா?" என்று கூவினாள் மாவுக்காரி. "அமாக், இது செல்லாது! அக்காக்காரி சொல்லிக் கொடுத்து சொன்னா செல்லாது!"

"செல்லாது," என்றார் அமாக் ராஹிலும், வருத்தத்தோடு. "ஜும்மா தொழுகைக்கப்புறம் உட்கார்ந்து பேசுவோம். இப்ப எல்லாருக்கும் மனசு கொதிக்குது."

ஜும்மா முடிய மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிடும். நான் இல்சேவின் பின்னால் போய் மண்டியிட்டேன். ஆண்களுக்கு முதுகு காட்டி மறைத்துக்கொண்டு, அவள் சட்டையைப் பின்பக்கம் தூக்கினேன்.

அம்மா சுரண்டிய வரிகள். நாணயத் தழும்பு சாதாரணமாக மூன்று நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும். இவை மறையவில்லை. கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் கறுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து பரவியிருந்தன.

"அத்தை, இங்க வாங்க."

அத்தை வந்து பார்த்தாள்.

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். இந்த வீட்டில் பதினோரு வருடமாக யாரும் சொல்லாததை.

"உங்க பொண்ணு முனாவுக்கும் டெங்குல நாலாம் நாள்தான் காய்ச்சல் விட்டுச்சு. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டா. நீங்க ஊருக்கே சொன்னீங்க, பொழச்சுட்டான்னு."

சிரிப்பு நின்றது. மாவுக்காரியும் தரையைப் பார்த்தாள். அத்தை என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அத்தை தன் முக்காட்டு நுனியால் இல்சேவின் முகத்து மாவைத் துடைத்தாள். ஒரு கன்னம், பிறகு மறு கன்னம். உதட்டோரம் துடைத்தபோது துணியில் சிவப்பு ஒட்டியது. மிளகாய் இல்லை. அத்தை விரலால் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு முழுக்க ரத்தம்.

"இரு," என்றாள் அத்தை என்னிடம். "நீ கேக்காத, நானே கேக்கறேன்." இல்சேவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, தரையையும் தன் மார்பையும் தொட்டுக் காட்டி, நிறுத்திக் கேட்டாள். "இங்க. என் வீட்ல. என் மருமகளா. இருக்கியா?"

இல்சே என் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சொல் புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாது.

"திடாக், இனாக்," என்றாள். வலது கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள். அதுவும் பலகையில் இருக்கிறது, ஆறாம் விதி.

எனக்கு நினைவு தெரிந்து அத்தையிடம் முகத்துக்கு நேராக யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவள் தலையாட்டினாள்.

"கேட்டீங்கல்ல?" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இது மருமக இல்ல, விருந்தாளி. வழிய விடுங்க."

அமாக் ராஹில் எழுந்து பாயைச் சுருட்டினார். பிக்கப் சாவியை மஹ்சூன் கையில் திணித்தார். "தொழுகைக்கு முன்னாடி வண்டி வேணும்டா," என்றார். பிறகு தலைப்பாகையைக் கழற்றிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்ப லாத்வியாவுக்கு ஆள் வேணாமா?"

---

சுகாதார நிலையத்து டாக்டர் ஜாவாக்காரர். முதுகைப் பார்த்து, "யாரு சுரண்டினது? பலமான கை," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு, விரலில் ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் முப்பத்தோராயிரம். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறேன், மத்தாராம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்றார்.

"ஆபத்து தாண்டிட்டாளா, டாக்டர்?"

"இன்னும் இல்ல," என்றார்.

இன்று காலையிலிருந்து அந்தப் 'பெலும்' என்ற சொல்லை அதன் அர்த்தத்தில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் பாக்கணும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் விட்டுட்டுக் கொண்டு வந்திருந்தா நான் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

இல்சே கண்ணை மூடிக் கிடந்தாள். பட்டுக் கைலி இன்னும் இடுப்பில் இருந்தது. அத்தை அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வெளித் திண்டில் மஹ்சூன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவதற்குப் பத்து வாக்கியம் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன்.

"நேத்து நாலு மணிக்குப் பூட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நாலு மணிக்கு மேல கிளம்பின?"

அவன் செருப்பிலிருந்த சேற்றைத் திண்டில் தேய்த்தான்.

"பாலத்துல தண்ணி ஏறினா, இந்தப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் வீடு இருக்கு, அவர் பொண்டாட்டி இருக்கா. அங்க விட்டிருக்கலாம். அத்தை வீடுதான் கிடைச்சுதா உனக்கு? சசாக் ஆம்பள நீ. மஃரிபுக்கு அப்புறம் அத்தை வீட்ல ஒரு பொண்ண விட்டா என்ன அர்த்தம்னு விருந்தாளிக்குத்தான் தெரியாது. உனக்குமா தெரியாது?"

அவன் பிக்கப் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னப் பாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊர்ல போய் நான் பதில் சொல்லணும். அவ மேல உனக்கு அந்த மாதிரி நெனப்பு இல்லதானே? இல்லன்னு சொல்லு. முகத்துக்கு நேரா சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மஹ்சூன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தான். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்ல," என்றான்.